உறுதியில் அவர் கையெழுத்து, கடனில் எமது கையெழுத்து

எமது முன்னோர் வாழ்க்கையை அகம், புறம் என இரண்டாக வகுத்தார்கள். காதலும் குடும்பமும் அகம். போரும் அரசும் புறம். அகம் பெண்ணுக்குரியது, புறம் ஆணுக்குரியது என்ற எண்ணம் எமது சமூகத்தில் நெடுங்காலமாக ஊறிப்போனது. ஆனால் 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தத்தில் இந்தப் பிரிவினை வடக்குக் கிழக்கு வீடுகளில் நிலைக்கவில்லை. வெளியே நடக்கவேண்டிய போர் கூரையைப் பிரித்துக்கொண்டு அடுக்களைவரை வந்தது. அகத்தில் இருந்தவள் என்று சொல்லப்பட்டவள் பிள்ளைகளையும் பொதிகளையும் சுமந்துகொண்டு வீதிக்கு வந்தாள்.

அதன் பின்னர் எமது பெண்கள் செய்யாத வேலை எதுவும் இல்லை. வயல் செய்தார்கள், கடலுக்குப் போனார்கள், கல் அரிந்தார்கள், கடை வைத்தார்கள், நீதிமன்றப் படிகளிலும் முகாம் வாசல்களிலும் நின்றார்கள். எனவே பெண்களின் நிலை உயர்ந்துவிட்டது என்று கூட்டங்களில் பலர் பேசுவதைக் கேட்கின்றோம். அதில் பாதி உண்மை உண்டு. எமக்குப் பொறுப்பு வந்தது. அதிகாரமும் கூட வந்ததா என்பதே கேள்வி. ஒரு வீட்டில் அதிகாரம் யாரிடம் இருக்கின்றது என்பதை அறிய அங்கு யார் உரத்துப் பேசுகின்றார் என்று பார்க்கத் தேவையில்லை. எந்தக் கடதாசியில் யாருடைய கையெழுத்துக் கேட்கப்படுகின்றது என்று பார்த்தாலே போதும்.

யுத்தம் தந்த பொறுப்பு

1984 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானபோது, கைதுசெய்யப்பட்ட பிள்ளைகளை விடுவிக்கக் கோரி ஊர்வலம் சென்றவர்கள் வீட்டுப் பெண்களே. ஆண்கள் வெளியே வந்தால் பிடிபடுவார்கள் என்ற நிலையில் தாய்மார் முன்னே வந்தார்கள். 2017 ஆம் ஆண்டு முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்புலவில், பிலக்குடியிருப்புக் காணிகளை விடுவிக்கக் கோரி பெண்கள் பிள்ளைகளோடு வீதியோரத்தில் இரவு பகலாக அமர்ந்திருந்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின்னர் அக்காணிகள் விடுவிக்கப்பட்டன. 2018 ஏப்ரலில் இரணைதீவு மக்கள் படகுகளில் தங்கள் தீவுக்குத் திரும்பிச் சென்றபோதும் பெண்கள் முன்னணியில் நின்றார்கள்.

போராளிகளாக இருந்த பெண்களையும் இங்கு நினைக்கவேண்டும். யுத்தம் முடிந்தபின் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 12,000 பேரில் 2,000 இற்கும் மேற்பட்டோர் பெண்கள். ஒரு காலத்தில் ஆணுக்குச் சமமாகக் கட்டளையிட்டவர்கள், வீடு திரும்பியதும் தலைமயிர் வளரும்வரை வெளியே வராதே என்று சொல்லப்பட்டார்கள். திருமணப் பேச்சு வந்தபோது அவர்களது காயங்கள் எண்ணப்பட்டன. அதே முகாம்களிலிருந்து வந்த ஆண்களுக்குப் பெண் பார்க்கும்போது இந்தக் கேள்விகள் இவ்வளவு கடுமையாக எழவில்லை என்பதைக் கிராமங்களில் வேலை செய்வோர் அறிவர்.

2010 ஆம் ஆண்டில் அப்போதைய பிரதி அமைச்சர் எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ் வெளியிட்ட கணக்கின்படி கிழக்கில் 49,000, வடக்கில் 40,000 என மொத்தம் 89,000 விதவைகள் இருந்தார்கள். இத்தனை வீடுகளின் சுமை பெண்களின் தோளில் ஏறியது. அந்தச் சுமைக்கு ஏற்ற உரிமை அவர்களின் கைக்கு வந்ததா என்பதை இனிப் பார்ப்போம்.

உறுதியில் யார்?

வட மாகாணத் தமிழர்களின் திருமணச் சொத்துக்கள் தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட இவ்வழமைகளை 1806 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். இதன்படி சீதனம் பெண்ணுக்கே சொந்தம். தாய் வழி வந்த காணியும் வீடும் மகளுக்குப் போவதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் எமது வழக்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பெண்ணுக்குப் பெரும் பலமாகத் தெரியும்.

ஆனால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் ஒரு பூட்டையும் போட்டுவைத்திருக்கின்றது. மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை அல்லது வீட்டைத் தன் வாழ்நாளில் விற்கவோ, ஈடுவைக்கவோ, நன்கொடையாக எழுதவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவர் தன்னுடைய முதுசக் காணியை விற்பதற்கு மனைவியின் சம்மதம் கேட்கப்படுவதில்லை.

இதன் விளைவை ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்போம். கணவர் வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு கட்டவேண்டும், சீதனக் காணியை விற்போம் என்கின்றார். அவரது சம்மதம் அங்கே தயாராக இருக்கின்றது, அவள் தலையசைத்தால் போதும். மகளின் படிப்புக்காக அதே காணியில் இரண்டு பரப்பை விற்கவேண்டும் என்று அவள் நினைக்கின்றாள். அவர் கையெழுத்து வைக்காவிட்டால் நொத்தாரிசு உறுதி எழுதமாட்டார். காணி அவளுடையது. ஆனால் அவர் விரும்பும்போது மட்டுமே அது விலைப்படும்.

கிழக்கின் நிலை சட்டத்தில் வேறு. மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலைத் தமிழ்ப் பெண்களுக்குத் தேசவழமை பொருந்தாது. 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனச் சட்டப்படி கணவரின் சம்மதம் இன்றியே அவர்கள் தம் சொத்தை விற்கலாம். அங்கும் வீடு மகளுக்குக் கொடுக்கப்படுவதே வழக்கம். ஆயினும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்து வீடுகளை அள்ளிச் சென்றபின், புதிய வீடுகள் "குடும்பத் தலைவர்" என்ற சொல்லின் கீழ் வழங்கப்பட்டன. குடும்பத் தலைவர் என்றால் கணவர் என்பது அலுவலகப் பழக்கம். இதனால் தாயிடமிருந்து வந்த வீட்டை இழந்த பெண்கள் பலர், கணவரின் பெயரில் எழுதப்பட்ட வீட்டில் குடியேறினார்கள். அவர்களது உரிமையை எந்தச் சட்டமும் பறிக்கவில்லை. ஒரு படிவத்தில் இருந்த ஒரு கட்டமே அதைச் செய்து முடித்தது.

வன்னியில் பெரும்பாலானவை பேர்மிட் காணிகள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட இக்காணிகளில், பின்னுரித்தாளர் பெயரிடப்படாவிட்டால் பெண் மக்களுக்கு முன்னே ஆண் மக்களுக்கே உரிமை என்ற வரிசை பல தசாப்தங்கள் இருந்தது. 2022 ஆம் ஆண்டு இச்சட்டம் திருத்தப்பட்டு அந்த ஆண் முன்னுரிமை நீக்கப்பட்டது. ஆனால் இந்தச் செய்தி எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றது? "காணி எண்டால் பொடியனுக்குத்தானே மிஸ்" என்று சொல்லும் தாய்மாரை இன்றும் காண்கின்றோம்.

கடன் புத்தகத்தில் யார்?

இனி மற்றக் கடதாசிக்கு வருவோம். 2009 இற்குப் பின்னர் வடக்குக் கிழக்கில் நுண்கடன் நிறுவனங்கள் வீதிக்கு வீதி வந்தன. இந்தியாவின் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா தவணைகளாக வழங்கப்பட்டது. சீமெந்து, மணல், மேசன் கூலி எல்லாம் ஏறிய நிலையில் பல குடும்பங்களுக்கு அது போதவில்லை. கடன்காரர் வாசலில் நின்றார்கள்.

இந்தக் கடன்கள் பெரும்பாலும் பெண்களுக்கே கொடுக்கப்பட்டன. ஐந்தாறு பேர் ஒரு குழு, ஒருவருக்கு மற்றவர் பிணை, கிழமைக்குக் கிழமை கட்டவேண்டும். உறுதி கேட்பதில்லை, நகை கேட்பதில்லை. ஏன் பெண்களைத் தேடி வந்தார்கள்? பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு ஊரைவிட்டு ஓடமாட்டாள். வாசலில் நாலுபேர் முன்னால் காசு கேட்டால் கூசிப்போவாள், எப்படியாவது கட்டிவிடுவாள். அவளது வெட்கமே பிணையாக வைக்கப்பட்டது.

பெற்ற காசு எங்கே போனது? சில வீடுகளில் கோழிக்கூட்டுக்கும் தையல் மெசினுக்கும் போனது. பல வீடுகளில் கணவரின் மோட்டார் சைக்கிளுக்கும், மகனின் கைபேசிக்கும், பழைய கடனின் வட்டிக்கும் போனது. கட்டும் நாள் வந்தால் வாசலில் நிற்பவள் அவள். அவர் அன்று வேளைக்கே வெளியே போய்விடுவார். கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க அடைவு என்று போய், உயிரை மாய்த்துக்கொண்ட பெண்களும் எமது மாவட்டங்களில் உண்டு. 2018 ஆம் ஆண்டு, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் தவணை தவறியிருந்த பெண்களின் ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கவேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

இரண்டு கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொத்தைக் கையாள அவருடைய கையெழுத்து வேண்டும். கடனைச் சுமக்க அவளுடைய கையெழுத்து வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான அதிகாரப் போட்டி என்று பெரிய புத்தகங்களில் எழுதப்படுவது, எமது வீடுகளில் இந்த இரண்டு கடதாசிகளில் கிடக்கின்றது.

"என்னில நம்பிக்கை இல்லையோ?"

அடித்து உதைத்து வாங்கப்படும் கையெழுத்துக்கள் உண்டு. ஆனால் அன்பால் வாங்கப்படும் கையெழுத்துக்களே அதிகம். "என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று அவர் கேட்டால் மேலே பேச எமக்கு நா எழுவதில்லை. நம்பிக்கை இல்லை என்று சொன்னால் அன்பு இல்லை என்று ஆகிவிடும். எனவே வாசிக்காமலே கையெழுத்து வைக்கின்றோம். அன்புள்ள இடத்தில் கணக்குப் பார்க்கக்கூடாது என்று எமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கின்றது. அவர் கணக்குப் பார்க்கும்போது மட்டும் அது பொறுப்புள்ள ஆண்பிள்ளையின் குணம் எனப்படுகின்றது.

யுத்தத்தின் இறுதி வருடங்களில் வன்னியில் பல பிள்ளைகள் பதினாறு, பதினேழு வயதில் அவசரம் அவசரமாக மணம்முடித்து வைக்கப்பட்டார்கள். இயக்கத்துக்குப் பிடிபடாமல் காப்பாற்றப் பெற்றோர் கண்ட வழி அது. பதுங்குகுழிக்கு அருகில் தாலி கட்டிய அந்தத் திருமணங்கள் பல பதிவுசெய்யப்படவில்லை. மீள்குடியேறிய பின்னர் சில கணவர்மார் வேறு குடும்பம் தேடிப் போனார்கள். "எழுத்து இல்லை, நீ என்ர பெண்சாதி இல்லை" என்று சொல்லிச் சென்றவர்களும் உண்டு. இது தவறான கூற்று. முறைப்படி சடங்கு நடந்து, ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால், பதிவு இல்லை என்ற ஒரு காரணத்தால் மட்டும் திருமணம் இல்லாமற் போவதில்லை. அதை நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். ஆயினும் பதிவுத்துண்டு இருந்தால் இந்த அலைச்சல் இல்லை. வயது வராத காலத்தில் நடந்த திருமணம் என்றால் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனை அவசியம்.

தனித்து வாழும் பெண்ணுக்கு இந்த வலை வேறு விதமாக விரிக்கப்படுகின்றது. "வீட்டில் ஆம்பிளை இல்லை" என்ற சொல் அவளை ஒவ்வொரு நாளும் பயமுறுத்துகின்றது. ஒரு துணை கிடைத்தால் நிம்மதி என்று நினைக்கின்றாள். அந்த நினைப்பில் பிழை ஒன்றும் இல்லை. இளம் வயதில் துணையை இழந்த பெண் மீண்டும் அன்பைத் தேடுவது இயல்பு, மறுமணம் செய்வது அவளது உரிமை. ஆனால் வருகின்றவர் எழுத்துக்கு மறுத்து, வீட்டுத்திட்ட வீட்டில் குடியிருந்துகொண்டு, காணிப் பேர்மிட்டை மட்டும் எடுத்துப் பார்க்க விரும்பினால், அங்கே சற்று நின்று யோசிக்கவேண்டும்.

காணாமற்போனவரின் மனைவி

இந்தக் கையெழுத்துப் பிரச்சினை மிகக் கொடிதாக இருப்பது காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியரிடத்திலாகும். "அவர் வந்தால்தானே கையெழுத்து வைக்கிறது. வந்தால் எனக்குக் காணி என்னத்துக்கு, அவர் வந்ததே போதும்" என்றார் ஒரு சகோதரி. அவரிடம் மரணச் சான்றிதழ் எடுக்கும்படி பலர் சொல்லியிருக்கின்றார்கள். அவர் மறுத்துவிட்டார். கணவர் இறந்துவிட்டார் என்று தானே ஒப்பமிட்டுக் கொடுக்க அவரால் முடியவில்லை. இந்த மறுப்பை அறியாமை என்று அதிகாரிகள் சிலர் சொல்வதுண்டு. நீதி கேட்டு நிற்கும் ஒருத்தியின் கடைசிப் பிடி அது என்பதை நாம் விளங்கிக்கொள்ளவேண்டும்.

மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாதோருக்கு 2016 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் ஒரு வழி வைத்திருக்கின்றது. காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற்று உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் அவரது சொத்துக்களைப் பராமரிக்கவும் முடியும். அதில் அவர் இறந்தார் என்ற கூற்று இருக்காது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணின் சொந்தக் காணிக்கும் வழி உண்டு. கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, அவர் கைவிட்டுச் சென்றிருந்தாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அவரது சம்மதம் இன்றியே காணியைக் கையாளும் அனுமதியைப் பெறலாம். மேற்சொன்ன 1911 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருக்கின்றது. பூட்டுப் போட்ட சட்டமே திறப்பையும் வைத்திருக்கின்றது. திறப்பு இருக்குமிடத்தை எமக்கு யாரும் சொல்லவில்லை.

ஆண்களின் பக்கம்

இவற்றைச் சொல்வதால் ஆண்கள் எல்லோரும் எதிரிகள் என்று ஆகிவிடாது. யுத்தம் அவர்களையும் உடைத்தது. குடும்பத்தைக் காப்பவன் ஆண் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர், பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாமற் போன நாட்களை உள்ளே சுமந்துகொண்டு திரிகின்றார். கால் இழந்தவர், தொழில் இழந்தவர், தடுப்பிலிருந்து வந்து யாருடனும் பேசாதிருப்பவர் என்று எத்தனையோ பேர். வெளியே இழந்த மரியாதையை வீட்டுக்குள் மீட்கப் பார்க்கின்றார்கள். சாராயம் அதற்குத் துணை போகின்றது.

இந்தத் துயரத்தைப் புரிந்துகொள்வது நல்லது. அதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்பதில்லை. "பாவம், அவரும் நொந்துபோனவர்" என்று சொல்லிச் சொல்லி நாம் மறைக்கும் காயங்கள் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிகின்றன. அதைப் பார்த்து வளரும் மகன் நாளை தன் மனைவியிடமும் அதையே செய்வான். அதே வேளை மனைவியோடு கூடிப் பேசி, காணியை இருவருமாகப் பராமரித்து, கடன் கட்டும் நாளில் தானும் வாசலில் நிற்கும் கணவர்மாரும் எமது கிராமங்களில் இருக்கின்றார்கள். அவர்களைப் "பெண்சாதி சொல்லுக்கு ஆடுகிறவன்" என்று பழிக்கும் வாய்களில் எமது வாய்களும் சேரக்கூடாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கையெழுத்து வைக்குமுன் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். "நாளைக்கு வைக்கிறன்" என்று சொல்வது நம்பிக்கைத் துரோகம் ஆகாது.

இரண்டாவது, காணி உறுதி அல்லது பேர்மிட், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கடன் ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரு கோவையில் போட்டு உங்கள் கையில் வைத்திருங்கள். பேர்மிட் காணியில் பின்னுரித்தாளராக யாருடைய பெயர் உள்ளது என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேட்டு அறியுங்கள்.

மூன்றாவது, தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் நகை, பணம் போன்ற அசையும் சொத்துக்களைக் கையாளக் கணவரின் சம்மதம் தேவையில்லை. தன் காணியை மரண சாசனம் மூலம் யாருக்கு எழுதவும் அவரது சம்மதம் தேவையில்லை. மகளுக்கும் மகனுக்கும் உங்கள் விருப்பப்படி எழுதிவைக்கலாம்.

நான்காவது, வீட்டில் வன்முறை இருந்தால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். இக்கட்டளை 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். கைவிட்டுச் சென்ற கணவரிடம் 1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி பிள்ளைகளுக்கான செலவைக் கோரலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். மகளிருக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

ஐந்தாவது, தனியே அலையாதீர்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சீட்டுக் கணக்கோடு சேர்த்து இந்த விடயங்களையும் பேசுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரை ஒரு நாள் கூட்டத்துக்கு அழையுங்கள். ஒருத்தி போய்க் கேட்டால் "நாளைக்கு வாங்கோ" என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து போனால் கதிரை போடுவார்கள்.

காதல் உள்ள வீட்டில் இவையெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அன்பு உள்ள வீட்டில்தான் இவற்றைச் சண்டை இல்லாமல் பேசமுடியும். அவர் ஒரு கடதாசியை நீட்டும்போது, "இதில என்ன எழுதியிருக்கு எண்டு இருந்து வாசிப்பம், வாங்கோ" என்று பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பாருங்கள். அன்புள்ளவர் அமர்ந்து வாசிப்பார். எழுந்து போகின்றவர் யார் என்பதும் கையெழுத்து வைக்குமுன்னரே உங்களுக்குத் தெரிந்துவிடும்.